பஸ்ஸுக்கு முன்னால் படுத்தவர்

ராஜபாளையத்தில் சின்னச் சின்ன நூற்பு மில்களெல்லாம் ஒவ்வொன்றாக ஒரே கம்பெனியின் கைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த மில்லும் போனது. வந்தவர்கள், இனிமேல் இரண்டு பேர் பார்த்த மிஷின்களை ஒருவரே பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்டிரைக் தொடங்கியது. அப்பா மற்றவர்களோடு மில் கேட்டில் போய் உட்கார்ந்தார்.

சில நாட்கள் கழித்து, தெருவே பார்க்க இருவருக்கும் சண்டை வந்தது.

"நீங்க கேட்டுல உக்காருங்க. நான் வேலைக்குப் போறேன்" என்றாள் அம்மா.

"போனா என் மூஞ்சில முழிக்காத" என்றார் அப்பா.

அவர் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது பள்ளிக்கூடம் லீவு. வழக்கமாக என்னைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அத்தையின் புருஷனும் ஸ்டிரைக்கில் இருந்தார். மறுநாள் காலை எங்களைக் கண்டதும் அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அம்மா என்னையும் மில் பஸ்ஸில் ஏற்றினாள்.

ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்திருந்தார்கள். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மில்லை நெருங்கியதும் முதல் கல் தகரத்தில் விழுந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஸ் நின்றது.

"ஒருத்தன் மல்லாக்கப் படுத்துக் கெடக்கான், எந்திரிக்க மாட்டேங்கான்" என்றார் டிரைவர்.

நான் எட்டிப் பார்த்தேன். கட்டம்போட்ட அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். அப்பா என்று கத்த வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தி மடியில் அமுக்கினாள். யாரோ கம்பெனி ஆள் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "எடு, எடு, தன்னால எந்திரிப்பான்" என்றார். இன்ஜின் உறுமியது. பஸ் கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அப்பா மேல் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். அம்மா இறங்கவில்லை. கடைசியில் போலீஸ்காரர்கள் அவரை இழுத்துப் போனார்கள். பஸ் உள்ளே போயிற்று.

ஷிப்ட் முடிந்ததும் அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனாள். பிடிபட்டவர்களை வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. இப்போது அம்மாவை அடிக்கப்போகிறார் என்று நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "இவளயும் ஏன் பஸ்ஸுல ஏத்துன?" என்றார் மெதுவாக.

"எதிர்வீட்டுல கதவ அடைச்சுட்டாக. நீங்க ஏன் படுத்தீக?"

அம்மா முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டாள். முந்தைய நாள் தெருவில் அப்படிச் சண்டை போட்டவள், இப்போது எப்படித் துடைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்டிரைக் தோற்றது. அப்பாவைத் திரும்ப எடுக்கவில்லை. சோழபுரம் பக்கம் ஒரு பஞ்சு குடோனில் மூட்டை தூக்கினார். அம்மா மில்லுக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் ஒரு வேலையாவது வீட்டில் மிஞ்சட்டும் என்று, சண்டை உட்பட எல்லாவற்றையும் இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்களாம். பஸ்ஸுக்கு முன்னால் படுப்பது மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பியவன் என்று கூட்டாளிகள் பார்த்த பார்வைக்கு, அவருக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

அந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா ஜாமீனில் வந்த பிறகு, ஒருவர் மற்றவரைக் கொன்றுவிடக் கூடாதே என்று, இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்காமல் காவல் காத்தேன்.