தேர்வுக்குப் போட்ட மாலை

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஏழு நோட்டுகள் கிடக்கின்றன. ஏழுமே சிம்மக்கல்லில் வாங்கியவை, கெட்டி அட்டை போட்டவை. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே முத்து முத்தான கையெழுத்தில் கால அட்டவணை எழுதியிருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுவது, ஐந்தே காலுக்குப் படிப்பு. நாலாம் பக்கத்தைத் தாண்டி எதிலும் ஒரு வரி கிடையாது. ஒன்றில் மட்டும் கடைசிப் பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் இருக்கிறது. அது என் மனைவி எழுதியது.

நான் படிக்க வேண்டியிருந்தது துறைத் தேர்வுக்கு. அரசு அலுவலகத்தில் பதினேழு வருடமாக ஒரே நாற்காலி. அதில் தேறினால்தான் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் எனக்கு மேலே போய், என் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற நிலைமை வந்துவிட்டது. "சார், போட்டுட்டேன் சார்" என்று எழுந்து நின்று கொடுப்பார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

அலுவலகம் விட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால், சமயநல்லூரில் இறங்குவதற்குள் ஒரு தீர்மானம் எடுத்துவிடுவேன். ஆனால் தொடங்குவது திங்கட்கிழமைதான். அந்தத் திங்கள் அஷ்டமியாக இருந்தால் அதற்கடுத்த திங்கள். தொடங்கிய பிறகு ஒரு நாள் தவறிவிட்டால் அந்த வாரமே கெட்டுப்போனதாகக் கணக்கு. மறுபடி வளர்பிறையில் ஒரு திங்கள் வர வேண்டும். தூங்குவதற்கு மட்டும் நான் நாள் நட்சத்திரம் பார்த்ததே இல்லை.

"ஊர்ல எல்லாருக்கும் வாரத்துக்கு ஒரு திங்கக்கெழம வருது. உங்களுக்கு மட்டும் வருசத்துக்கு ரெண்டுதான்" என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்ட நான்தான் ஒவ்வொரு கார்த்திகையிலும் மலைக்கு மாலை போடுகிறேன். போட்ட மறுநாளே ஆள் மாறிவிடுவேன். அலாரம் இல்லாமல் நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். சிகரெட் நினைப்பே வராது. செருப்பில்லாமல் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தைக் கடப்பேன். மதுரையில் அதைவிடப் பெரிய தவம் வேறு இல்லை. பக்திதான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"பக்தியெல்லாம் இல்லங்க. உங்களுக்கு டீக்கடைக்காரர் பயம்" என்றாள் அவள்.

யோசித்தால் அது உண்மைதான். விடியற்காலையில் தெருமுனை டீக்கடைக்காரர் "என்ன சாமி, குளிச்சாச்சா?" என்பார். கண்டக்டர் "உள்ள வாங்க சாமி" என்பார். அந்தக் கையெழுத்துப் போடும் பெண்கூட "சாமி, இந்த ஃபைல மட்டும் பாத்துருங்க சாமி" என்பார். நாற்பத்தொரு நாளும் ஊரே சாமி சாமி என்று கூப்பிடும்போது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்.

போன கார்த்திகையில் அந்தக் கூச்சத்தைப் படிப்புக்கும் பயன்படுத்தினேன். பூஜை முடிந்து ஐந்து மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் ஆறு வரை எழுந்திருக்க மாட்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினேன். மறுநாள் கண் விழித்தபோது மணி ஏழு பத்து. "சாமி மலையிலயே தங்கிட்டாரு போல" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள் என் மனைவி.

வைகாசியில் தேர்வு. தை முழுக்கத் தூங்கிக் கழித்தேன். மாசி பிறந்தது, தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான். எங்கள் குருசாமியிடம் போனேன். என்னோடு பள்ளியில் படித்தவர், ஆட்டோ ஓட்டுகிறார். இன்னொரு மாலை போட்டுவிடச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு மாப்ள?"

"பரீட்சைக்கு."

ஓடிக்கொண்டிருந்த ஆட்டோ எஞ்சினை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அய்யப்பன் என்ன ஒனக்கு அலாரமா? போயி ஒரு கடிகாரம் வாங்கு மாப்ள."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகக் கடைக்குப் போய்க் காவி வேட்டி ஒன்றும் துளசி மாலை ஒன்றும் வாங்கி நானே போட்டுக்கொண்டேன். சாமி டாலர் மட்டும் கோக்கவில்லை. அந்த மட்டுக்குப் பயம் இருந்தது. என் மனைவி சிரித்த சிரிப்பில் அவள் கட்டிலில் உட்கார வேண்டியதாயிற்று. ஆனால் மறுநாள் காலையில் அவளே, "சாமிக்குக் காபியா, பாலா?" என்று கேட்டாள்.

மாலை வேலை செய்தது. "எந்த மலைக்கு சாமி?" என்று யாராவது கேட்டால் "பங்குனிக்கு" என்பேன். நம்மூரில் அந்தப் பதிலே தாராளம். தினமும் ஐந்து மணிக்கு எங்கள் முன்னறையில் லைட் எரிந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். எதிர்வீட்டுப் பெண்மணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு.

"திருநீறு பூசி விடுங்க சாமி" என்றார். நான் பின்வாங்குவதற்குள் அந்தப் பிள்ளை காலில் விழுந்துவிட்டது. "இவ இம்புட்டு நேரத்துல எந்திரிக்கிற ஆளே இல்ல சாமி. ஒங்க வீட்டு லைட்டப் பாத்துத்தான் எந்திரிச்சுப் படிக்கிறா."

பூசி விட்டேன். கடையில் வாங்கிய மாலைக்கு ஒரு பிள்ளை குனிந்துவிட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அன்றைக்கே மாலையைக் கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

மாலையைக் கழற்றலாம், லைட்டை அணைக்க முடியுமா? சிகரெட் திரும்பி வந்தது, செருப்பு திரும்பி வந்தது, ஆனால் ஐந்து மணிக்கு எழுந்துகொண்டே இருந்தேன். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டபோது, என் மனைவி ஐந்து மணிக்கு எழுந்து முன்னறை லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொண்டாள்.

பங்குனியில் அந்தப் பிள்ளைக்குத் தேர்வு முடிந்தது. மறுநாள் நான் ஏழு மணிக்கு எழுந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கம் தனி. டீக்கடைக்காரருக்காக எழுந்தேன், எதிர்வீட்டுப் பிள்ளைக்காக எழுந்தேன். பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்காக மட்டும் ஒரு நாள் எழ முடியவில்லை. அவன்மேல் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அதன்பிறகு இரண்டு நாள் எழுவேன், நாலு நாள் தூங்குவேன். அந்த நிலைமையில்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. அந்தப் பிள்ளை நல்ல மதிப்பெண்ணோடு ஜாங்கிரி எடுத்துக்கொண்டு வந்தது. ஜாங்கிரியைக் கையில் வாங்கியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அது நானே வாங்கிப் போட்டுக்கிட்ட மாலைம்மா. எந்த மலைக்கும் போகல."

"தெரியும் மாமா. டாலரே இல்லையே. அம்மாதான் பிடிச்சுக் குனிய வச்சாங்க."

"அப்புறம் எதைப் பாத்தும்மா எந்திரிச்ச?"

அந்தப் பிள்ளை எங்கள் முன்னறை ஜன்னலைக் காட்டியது. "நெசமான சாமின்னா, அவருக்கென்ன, எந்திரிப்பாருன்னு நான் தூங்கியிருப்பேன். நீங்க ஜன்னலுக்குள்ள கண்ணக் கசக்கிக்கிட்டு, கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. இந்த மாமாவே எந்திரிக்கிறாருன்னா நாமளும் எந்திரிக்கலாம்னு தோணும்."

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளை போன பிறகு ஜாங்கிரி தின்றுகொண்டே யோசித்தேன். இவ்வளவு காலமும் என்னை எழுப்ப வேறொரு ஆளைத் தேடியிருக்கிறேன். ஒழுக்கமான, தூக்கம் வராத, சாமி மாதிரி ஒரு ஆளை. கொட்டாவி விடுகிறவனும் எழுந்து உட்காரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் எழுந்தேன். அதற்கடுத்த நாள் தூங்கிப்போனேன். அதற்கும் அடுத்த நாள், எந்தக் கிழமை என்று பார்க்காமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. வைகாசி வரை இப்படியே விழுந்து எழுந்து போயிற்று.

ஆவணியில் முடிவு வந்தது. தேறியிருந்தேன். மனைவியிடம் சொன்னேன், பிறகு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பிள்ளை வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தது. அதன் அம்மா போனைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"மால போடாம, நீங்களேவா மாமா?"

"ஆமாம்மா, நானேதான்" என்றேன்.