முதல் உருண்டை

நெல்பொரியில் ஒட்டியிருக்கும் உமி மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டால், நாக்கை எப்படிச் சுழற்றினாலும் வராது. கார்த்திகை தீபத்தன்று அடி அண்ணாமலையில் என் தாய்மாமன் வீட்டில், வெல்லப் பாகும் ஏலக்காயும் மணக்கும் பொரி உருண்டையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்று கத்த, நான் மட்டும் "அகோகா" என்று கத்திய வருடங்கள் உண்டு.

முதல் உருண்டை எனக்குத்தான். காரணம் படிப்போ ஒழுக்கமோ அல்ல. இரண்டுமே என்னிடம் "கம்மி". மாமாவுக்கு வனிதா என்று ஒரே மகள், நான் அவளுக்கு "மொற மாப்ள". "சாமிக்குப் படைச்சாச்சில்ல? மொத உருண்ட மாப்ளைக்கு" என்பார் மாமா. என்னைவிட நாலு வயது சின்னவளான வனிதா, "ப்பா, மச்சானுக்கு மூக்கு ஒழுவுது, மொதல்ல அத்தத் தொடைக்கச் சொல்லு" என்பாள்.

"எம் பொண்ணு உனக்குத்தான்டா மாப்ள" என்று மாமா சொன்னதை எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நம்பிய முட்டாள் நான் ஒருவன்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபோதுகூட, எனக்கென்ன, பெண் தயாராக இருக்கிறாள் என்று மெத்தனமாகத் திரிந்தேன்.

வனிதா திரியவில்லை. இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலைக்குப் போனாள். ஒருநாள் என் அம்மா தாம்பூலத் தட்டோடு தன் தம்பி வீட்டுக்குப் போனபோது மாமா தட்டைத் தொடவில்லை.

"இன்னாக்கா நீ, சொந்தத்துல கட்டினா புள்ளைங்களுக்கு ஆவாதுனு டாக்டருங்களே சொல்றாங்க. வனிதா கூட வேல செய்ற பையனையே பேசி முடிச்சிட்டோம்."

"இத்தினி வருசமா மாப்ள மாப்ளனு கூப்ட்டியேடா?"

"அது சும்மா, ஆசைக்கு."

டாக்டர் சொன்னது சரி, வனிதா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதும் சரி. அந்தச் "சும்மா"தான் இன்றுவரை செரிக்கவில்லை.

கல்யாணத்தில் அடுத்த அடி விழுந்தது. ஓமத்தீயில் இடுவதற்காகப் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட உடன்பிறந்தவன் வேண்டும் என்றார் ஐயர். ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொண்ட மாமா, கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தார். "தம்பி, இப்டி வாங்க. அண்ணன் ஸ்தானத்துல நீங்க நில்லுங்க."

கட்டிக்கொள்ள வேண்டியவனை அண்ணனாக நிறுத்தியது எங்கள் வம்சத்திலேயே அதுதான் முதல் தடவை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே நெல்பொரி, உமி என் உள்ளங்கையில் ஒட்டியது. புகையால் கண் கலங்கியதாக எல்லோரிடமும் சொன்னேன். புகை என் பக்கம் வரவே இல்லை. "தேங்க்ஸ் மச்சான்" என்று கைகுலுக்கினார் புது மாப்பிள்ளை. காலமெல்லாம் வனிதா வாயால் கேட்கவிருந்த சொல்.

இப்போதும் தீபத்தன்று போகிறேன். "மாப்ள" போய், "வாங்க தம்பி" மட்டும் இருக்கிறது. நானும் ஒற்றைப் பிள்ளை, என் மனைவியும் ஒற்றை. அத்தையும் மாமனும் இல்லாத என் மகளுக்கு "மொற மாப்ள" என்றால் என்னவென்று விளக்கவே அரைமணி நேரம் ஆகிறது. கிளம்பும்போது மாமா ஒரு டப்பாவை நீட்டுவார். "மொத உருண்டையெல்லாம் மருமவனுக்குனு தனியா எடுத்து வெச்சிருக்கேன் தம்பி. பெங்களூருக்கு கூரியர் போட்டுடுங்க."

போடாமல் இருந்ததில்லை. ஆனால் டவுனுக்குத் திரும்பும் வழியிலேயே டப்பாவைத் திறந்து, மேலே இருக்கும் ஒன்றை நான் தின்றுவிடுகிறேன். மிஷினில் புடைத்த பொரி. அண்ணத்தில் எதுவும் ஒட்டுவதில்லை.