உலகத்தைக் காப்பாற்றிய தொரை

மகள் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்த விளையாட்டு. உலகமே என் கையில். அது சூடேறாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈப்போ வீட்டு வாசலில் இருக்கும் பூச்சட்டிகளையே வாடவிட்டவன் நான். எத்தனை முறை ஆடினாலும் கடலைப் பொங்கவைத்து, எல்லாரையும் மூழ்கடித்தேன்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. உலகத்தில் உள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களையெல்லாம் மூடிக் காடாக்கினேன். சூடு சரசரவென்று இறங்கியது. மேசையைத் தட்டிக் கொண்டாடி முடிப்பதற்குள், வேலை போன தோட்டத்து ஜனங்கள் கலகம் செய்து என்னை உலகத் தலைவர் பதவியிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

"நன்றி கெட்ட ஜனங்களா!" என்று கத்தினேன்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். தொரை யாருக்கும் வீடு தராமல் தோட்டத்தை விற்றபோது, போக இடமில்லாமல் லோரியில் சாமான் ஏற்றிய குடும்பங்கள்.

"அவங்களுக்கு வீடு கட்டிக் குடுத்தீங்களா?"

அதற்கும் ஒரு பட்டன் இருந்தது. செலவு அதிகம் என்று அதை நான் தொடவே இல்லை.

"சரி, சோறு ஆறுது," என்றாள். "சாப்பிட வாங்க, தொரை."