பண்பொழி டிராக்டரும் ஒரு மரப்பொம்மையும்

அறுபதுகளில் நான் தென்காசியில் தகர வேலைப் பட்டறை வைத்திருந்தேன். வேலை ஓய்ந்த நாட்களில் டிராக்டர்களை அளந்து, முழ நீளத்தில் அச்சு அசலாக மாதிரி செய்வேன். ஒரு சாரல் காலத்தில், பண்பொழித் தோப்பில் நின்ற பழைய டிராக்டரை அளக்கப் போனேன். ஒரு வருடமாக அதை யாரும் தொடவில்லை என்றார் காவல்காரர். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு.

அதன் இருக்கை இடப்பக்கம் அமுங்கியிருந்தது. அதையும் விடாமல் செய்தேன். பிறகு மரத்தில் ஓர் ஓட்டுநர் பொம்மை செதுக்கி, வஜ்ஜிரம் போட்டு ஒட்டினேன். இருக்கைக்கு ஏற்ப அதுவும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

குற்றாலத்தில் சீசன் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனேன். ஓர் அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நகராமல் நின்றார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவியள நீங்க எங்கன பாத்திய?"

"நான் பாத்ததில்லையேம்மா. பண்பொழியில வண்டியத்தான் அளந்தேன்."

"அது எங்க வண்டிதான். இடுப்பு வலியில அவிய இப்படித்தான் சாஞ்சு உக்காருவாவ. போன வருசம் வண்டி கவுந்து, அதுலயே போயிட்டாவ."

நான் பார்த்தே இராத மனிதரை என் கை செதுக்கியிருந்தது.

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "இன்னும் எறங்காம உக்காந்திருக்காவளே. எறக்கி விடுங்க அண்ணாச்சி."

கத்தியால் பசையைக் கீறிப் பொம்மையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அதனிடம் சொல்லி, நனையாமல் முந்தானையால் மூடிக்கொண்டு சாரலில் நடந்தார்.

அதன்பின் எத்தனையோ டிராக்டர்கள் செய்துவிட்டேன். ஓட்டியவர் யார் என்று கேட்காமல் எதையும் அளந்ததில்லை.