ரப்பர் நிழலில் கறுப்புக் கண்ணாடி

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருக்கலாம், பொய் இல்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் ரப்பர் தோட்டத்துத் தபாலை எடுத்துவர என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். செம்மண் புழுதி கண்ணில் விழாமலிருக்கக் கண்ணாடி வாங்க கோலா சிலாங்கூர் போனோம். கடையில் வெள்ளையும் இருந்தது, கறுப்பும் இருந்தது.

"வெள்ளைய எடுங்க. வெயில்ல இருந்து ரப்பர் மரத்துக்குள்ள போனா கறுப்புல என்ன தெரியும்?" என்றேன்.

"சும்மா இரு புள்ள. கறுப்பு போட்டாதான் தொரை மாதிரி இருக்கும்லா!" என்று அதையே வாங்கி மாட்டிக்கொண்டார்.

திரும்பும்போது உச்சி வெயில். பெரிய ரோட்டிலிருந்து அதே வேகத்தில் மரநிழலுக்குள் நுழைந்தார். அங்கே ஒரு சிப்பாய் கை காட்டி நிறுத்தச் சொன்னான். இவர் நிறுத்தவில்லை. அவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான்.

"ஐயோ, நிறுத்துங்க! சிப்பாய் நிக்கிறான்!"

"எங்க புள்ள? எங்க?"

பின்னாலிருந்தே அந்தக் கண்ணாடியைப் பிடுங்கினேன். அப்புறம்தான் பிரேக்கை அழுத்தினார். துப்பாக்கி முனை ஒரு முழ தூரத்தில் இருந்தது.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்ததும், "நான் சட்டுன்னு நிறுத்திட்டேன், இவதான் கத்தி ஊரைக் கூட்டிட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காமல் நின்றேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். நிழலில் கால் வைக்கும் முன் கழற்றிவிடுவேன். மகன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோட்டத்துப் பாதையில் கார் ஓட்டினால், "நிறுத்துடா, நான் பஸ்ல போறேன்" என்பேன். இரண்டு தடவை இறங்கியும் போயிருக்கிறேன்.