கண்ணாடியில் தண்ணீர் இல்லை

ராசாத்திக்கு ஆவி என்றால் இட்லிக் குண்டான். சளி கட்டினால் நொச்சியிலை போட்டுப் போர்வைக்குள் பிடிப்பதும் அதுதான். அவள் புருஷன் வைரக்கண்ணுவுக்கோ அது கொம்பு சீவிய மாடு. அரியலூர் சாலையில் நெல் அவிக்கும் மில்லில் இருபத்திரண்டு வருஷமாக பாய்லர் பார்க்கிறார். பீடி குடிக்கும்போதுகூட அதற்கு முதுகு காட்டியதில்லை.

அன்றைக்குக் காட்டிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து மகள் கவிதா கூப்பிட்டாள்; பேரனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இரைச்சலில் காது கேட்கவில்லையென்று வேப்பமரத்தடிக்குப் போனவர் திரும்பி வந்தபோது, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் வெறுமையாக இருந்தது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் எப்போதோ நின்றுபோயிருந்தது. நெருப்பு மட்டும் நிற்காமல் எரிந்தது.

அவிக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்தி ராசாத்தி.

மில்காரர் மகன் பூவரசன் ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்தான். "என்னண்ணே மலைச்சுப் போயி நிக்கிறீங்க? நான் மோட்டாரப் போடறேன், தண்ணிய ஏத்துங்க."

"சுவிட்சுல கை வெச்சீங்கன்னா நம்மள அள்ளக்கூட ஆளிருக்காது தம்பி."

"காஞ்சு கெடக்கு, தண்ணியும் வேணாங்கறீங்க."

"காஞ்ச தோசக்கல்லுல தண்ணி தெளிச்சா சொய்ங்குன்னு கெளம்புதுல்ல? இங்க அது கெளம்பிப் போவ வழி கெடையாது. பொம்பளைங்கள ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பூவரசன் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். வைரக்கண்ணு அடுப்புக்குள் எரிய உமி விழும் வழியை அடைத்தார். நீண்ட கொக்கியால் நெருப்பை வெளியே இழுத்துப் போட்டார். கை ரோமம் பொசுங்கி நாறியது. ஒவ்வோர் இழுப்புக்கும் ஒருமுறை அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே அது அசையாமல் நின்றது.

"நீங்களும் வந்துருங்க," வாசலிலிருந்து ராசாத்தியின் குரல்.

"போடி. பாதி நெருப்பு உள்ள கெடக்கு."

கடைசிக் கங்கு வரைக்கும் இழுத்துப் போட்டபின்தான் வெளியே வந்தார். முக்கால் மணி நேரம் எல்லோரும் ரோட்டிலேயே நின்றார்கள். பிறகு அவர் மட்டும் போய் எட்டிப் பார்த்தார். முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"மோட்டாரு நின்னதுக்கு நான் பொறுப்பில்ல தம்பி. அதப் பாக்காம போன்ல பேசுனது எந் தப்பு. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

"எங்கிட்ட நாலு வார்த்த பேசாத மனுசன், மவகிட்ட நெருப்பையே மறந்து பேசியிருக்காரு," என்றாள் ராசாத்தி. முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. கவிதாதான். வைரக்கண்ணு தரையில் கறுத்துக் கிடந்த கங்குகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"சொல்லும்மா. நெருப்ப அணைச்சாச்சு, இப்பப் பேசலாம். புள்ளைக்கு எப்படியிருக்கு?"