விரத நாளில் கிளறாத எருக்குவியல்

மாடு வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று என் தவற்றை எழுதுகிறேன்.

எங்கள் தீவின் வக்குவா ஊரில் எனக்கு ஒரு துண்டுக் கரும்பு நிலமும் ஒரு சிவப்புப் பசுவும் இருந்தன. எஸ்டேட் லாயத்திலிருந்து ஒரு வண்டி குதிரைச் சாணம் கொண்டுவந்து, சோம்பலால் தொழுவத்தின் பக்கத்திலேயே மக்கப் போட்டேன். தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டிய மறுநாள், குவியலின் மேல் வெள்ளைப் புழுக்கள் பொங்கும் பாலைப் போல நெளிந்தன.

"கிளறி விடுங்க. உள்சூட்டுல வெந்து சாகும்," என்றாள் என் மனைவி தனம்.

"விரதத்துல ஓர் உயிரையும் கொல்ல மாட்டேன்."

"புழுவுக்காகவா காவடி எடுக்கிறீங்க? மாடு உயிரில்லையா?"

குவியலைத் தொடாமல் காவடி கட்டப் போனேன். என் பக்தி எனக்கு அவ்வளவு இனித்தது.

விரதத்தின் எட்டாம் நாளிலிருந்து புழுக்கள் கடிக்கும் ஈக்களாகி எழுந்தன. பசுவின் கால்களில் ரத்தம் பூத்தது. அது மேயவில்லை, படுக்கவில்லை, பாலும் வற்றியது. பூசத்தன்று என் காவடிச் செம்பில் இருந்தது அடுத்த வீட்டுப் பால். எங்கள் தீவில் தை மழை மாதம்; அது முடியுமுன் ஈக்கடியால் காய்ச்சல் கண்டு பசு இறந்தது.

இப்போது எருவைக் கொல்லைக் கோடியில் போட்டு, காய்ந்த கரும்புத் தோகையால் மூடுகிறேன். விரதத்தில் புழு கண்டாலும் கிளறிவிடுகிறேன், முருகனிடம் சொல்லிவிட்டுத்தான். அந்தப் பசுவிடம் சொல்லத்தான் வழியில்லை.